கால்களுக்குக் கிடைத்த கல்லூரி இடம்

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியை நாம் அனைவரும் அறிவோம். கடையெழு வள்ளல்களுள் ஒருவன், வில்லாற்றலுக்குப் பெயர் பெற்றவன் என்று பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். செம்மேட்டில் அவனுக்குச் சிலை உண்டு. ஆடிப் பதினெட்டையொட்டி ஆண்டுதோறும் அரசு விழாவும் உண்டு. ஆனால் அவனைப் போரில் கொன்றவன் யார் என்பதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. அவன் மலையமான் திருமுடிக்காரி. வியப்பு என்னவென்றால், அவனும் அதே வள்ளல்கள் வரிசையில் வைத்து எண்ணப்படுபவனே. காரியின் வேலைத் துணையாகப் பெற வேந்தர்கள் ஆள் அனுப்பிப் பொருள் கொடுத்து வேண்டினார்கள் என்பதைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. அவன் ஓரியை வீழ்த்திக் கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான். தன் வெற்றிக்காகப் பிறனுடைய திறமையைத் தேடிப் பிடித்து அழைத்து வரும் வழக்கம் நேற்று வந்ததன்று. இந்த மலையே ஒருமுறை அந்த வழக்கத்தால் கைமாறியிருக்கிறது.

இன்று மலையிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சமவெளிக்கு இறங்குபவை கால்கள். கடலோரத்துத் தூத்தூர்ப் பகுதிக்குக் கால்பந்து எப்படியோ, நம் பக்கத்துச் சிற்றூர்களுக்குக் கபடி அப்படி. திருவிழா இரவில் விளக்குக் கட்டி நடக்கும் ஆட்டத்தில், அல்லது பள்ளிகளுக்கிடையிலான மாவட்டப் போட்டியில், மூச்சடக்கிப் பாடிச் சென்று இரண்டு பேரைத் தொட்டுத் திரும்பும் ஒரு பையன் கல்லூரி உடற்கல்வி இயக்குநர் ஒருவரின் கண்ணில் பட்டுவிட்டால் போதும். கல்விக் கட்டணம் இல்லை, விடுதிக் கட்டணம் இல்லை, காலணியும் சீருடையும் இலவசம் என்ற சொல் வீட்டுக்கு வந்து சேரும். தினையும் மரவள்ளியும் மிளகும் விளைவித்துப் பிழைக்கும் மலையாளிப் பழங்குடிக் குடும்பத்தில், கல்லூரி வாசலை முதன்முதலாக மிதிக்கப் போகும் பிள்ளைக்கு இது சிறிய வாய்ப்பா?

சிறியதன்று. அதனால்தான், கல்லூரிகள் விளையாட்டு வீரர்களை வலை வீசிப் பிடிக்கின்றன என்று பொத்தாம் பொதுவாகக் கண்டிப்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. மதிப்பெண்ணுக்கு இடம் தருவது அறம், கால் வலிமைக்கு இடம் தருவது அநீதி என்று எந்த நூலில் எழுதியிருக்கிறது? மனப்பாடத் திறமையைப் போலவே ஓட்டத் திறமையும் ஒருவன் பிறவியிலே பெற்றுப் பயிற்சியிலே வளர்த்தது. மேலும், தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கென 3 விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பல்கலைக்கழக அணியில் ஆடிப் பெறும் சான்றிதழ் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றக்கூடும். தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி என்னும் சிற்றூரிலிருந்து புறப்பட்ட கணேசன், 1994ஆம் ஆண்டு இரோசிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடி, அடுத்த ஆண்டே அருச்சுனா விருதும் பெற்றார். அத்தகைய கதவைச் சாத்தச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

என் கேள்வி வேறு. கல்லூரி அந்தப் பையனுக்குக் கொடுப்பதற்கு என்ன பெயர்? அது உதவியா? விலையா? கூலியா?

உதவி என்றுதான் கல்லூரிகள் சொல்லிக்கொள்கின்றன. விழா மேடையில் தாளாளரின் கொடையுள்ளம் பாராட்டப்படும். ஆனால் ஓரி கூத்தருக்கும் பாணருக்கும் கொடுத்தபோது, அவர்கள் மறுநாள் தனக்காகப் படைக்கலம் ஏந்த வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் உடலைப் பிழிந்து, கோப்பையை வென்று, அதன் படம் அடுத்த ஆண்டுச் சேர்க்கை விளம்பரத்தில் அச்சாவதற்குக் காரணமாக இருக்கும் ஒருவனுக்குக் கொடுப்பதைக் கொடை என்பது சொல்லுக்குச் செய்யும் துரோகம்.

சொற்கள் இவ்வாறு பயன்படுவதற்கு அமெரிக்க நாட்டில் ஒரு சான்று உண்டு. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அவர்களுடைய கால்பந்து, அங்கே கல்லூரிகளின் பெரும் வணிகம். 1955ஆம் ஆண்டு ரே டென்னிசன் என்னும் கல்லூரி வீரர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். பணியிலே இறந்த தொழிலாளிக்கு உரிய இழப்பீட்டை அவருடைய மனைவி கேட்டார். கொலராடோ மாநில உச்ச நீதிமன்றம் 1957இல் அதை மறுத்தது. இத்தகைய வழக்குகளின் அச்சத்தில்தான் அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 'மாணவ வீரர்' என்ற தொடரைப் புனைந்து எங்கும் பரப்பியது. இதைப் பின்னர் எழுதியவர், அச்சங்கத்தை நெடுங்காலம் நடத்திய வால்ட்டர் பையர்சு என்பவரே. 1995இல் வெளியான தம் நூலில் அவர் இதை ஒளிக்கவில்லை. கேட்பதற்கு எவ்வளவு இனிய தொடர்! படிப்பும் ஆட்டமும் கைகோத்த ஓர் இளைஞன் நம் கண்முன் வருகிறான். அவனுக்குக் கொடுக்க வேண்டிய கடன் மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

பிறகு 1973இல் நான்காண்டு உதவித்தொகைக்குப் பதிலாக ஆண்டுதோறும் புதுப்பிக்கும் உதவித்தொகையை அச்சங்கம் கொண்டுவந்தது. பயிற்சியாளருக்குப் பிடிக்காதவனுக்கும் அடிபட்டவனுக்கும் அடுத்த ஆண்டு இடமில்லாமல் போகலாம் என்பது அதன் நடைமுறைப் பொருள். பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பின், 2025 ஜூனில் ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரு நீதிமன்றத் தீர்வின்படி, கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்றாகிவிட்டது; 2025-26ஆம் கல்வியாண்டுக்கு ஒரு கல்லூரிக்கான உச்சவரம்பு ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் டாலர். அங்கே மூடியிருந்த திரை ஓரளவு விலகியிருக்கிறது.

அந்தப் பணம் நம் ஊருக்கு வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை, வரவும் போவதில்லை. ஆனால் பணம் இல்லாத இடத்தில், கல்வி ஒன்றே அந்தப் பையனின் கூலி. அந்தக் கூலி அவன் கைக்கு முழுமையாகப் போய்ச் சேருகிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. மண்டலப் போட்டி, பல்கலைக்கழகத் தேர்வு, வெளிமாநிலப் பயணம் என்று பருவத்தில் பாதி நாள் வகுப்பில்லை. வருகைப் பதிவு எப்படியோ நிரம்பிவிடுகிறது, பாடம் நிரம்புவதில்லை. மூன்றாம் ஆண்டு முடிவில் சுவர் நிறையக் கேடயங்கள் கல்லூரிக்கு, கை நிறைய அரியர் அவனுக்கு. வகுப்புக்கு வராதவனுக்கு வருகை போட்டுக் கொடுப்பதை இரக்கம் என்று நினைக்கும் ஆசிரியர்கள் உண்டு. அளவு குறைத்த மரக்காலால் நெல் அளந்து கூலி கொடுப்பதற்கும் அதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

இதனினும் கடுமையான சோதனை, மூட்டு ஜவ்வு கிழிந்த மறுநாள் வருகிறது. 2022இல் தமிழ்த் தலைவாசு அணி பவன் செகராவத்தை 2 கோடியே 26 இலட்சம் ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு, அந்தப் பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. மறு ஆண்டு ஏலத்தில் தெலுகு டைட்டன்சு அவரை அதைவிடக் கூடுதல் தொகைக்கு எடுத்தது. புகழின் உச்சியில் இருப்பவருக்கு மருத்துவரும் காப்பீடும் காத்திருக்கும் அணிகளும் உண்டு. இரண்டாம் ஆண்டு வணிகவியல் படிக்கும் மலைக்கிராமத்துப் பையனுக்கு அதே காயம் நேர்ந்தால்? அறுவைச் சிகிச்சைக்கு யார் பணம் கட்டுவது? ஆடாத காலுக்கு விடுதியில் கட்டில் உண்டா? 'ஊருக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொண்டு வா, தம்பி' என்ற அன்பான சொல்லோடு பல கல்வி வாழ்வுகள் முடிந்துபோகின்றன. யாரும் அவனை வெளியேற்றியதாகப் பதிவேடு சொல்லாது.

கல்லூரிக் கபடியைக் கோட்டுக்கு வெளியே நின்று பல ஆண்டுகளாகப் பார்த்து வருபவன் என்ற முறையில், பயிற்சியாளர்களைப் பற்றியும் எனக்கொரு கருத்து உண்டு. பிற கல்லூரிகளில் ஆடித் தேர்ந்தவர்களை முதுகலை வகுப்பில் சேர்த்து ஓராண்டில் கோப்பை வாங்கித் தருபவரை நிருவாகங்கள் கொண்டாடுகின்றன. முதலாண்டு மாணவனுக்குக் கணுக்கால் பிடியைக் கற்றுத் தந்து, ஆங்கிலத் தாளில் அவன் தவறியதையும் நினைவில் வைத்து, மாலையில் ஆசிரியர் ஒருவரிடம் அனுப்பி வைப்பவர் அரையிறுதியில் தோற்றுப் போகிறார். அவருடைய பதவிக்குத்தான் ஆபத்து. என் வாக்கு தோற்றவருக்கே. இவர்கள் இருவருக்கும் முன்பாக, உண்டு உறைவிடப் பள்ளியின் மேடு பள்ளமான திடலில் அந்தப் பையனை முதலில் கண்டெடுத்த உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். உலகக் கால்பந்தில் ஒரு வீரர் ஒப்பந்தக் காலத்துக்குள் வேறு அணிக்கு விலைக்கு மாறும்போது, அவரை இளமையில் வளர்த்த மன்றங்களுக்கு அத்தொகையில் 5 விழுக்காட்டைப் பங்கிட்டுத் தரும் விதி உண்டு. நம் பள்ளி ஆசிரியருக்குக் கேடயத்தில் பெயர்கூட இல்லை.

இரசிகர்களாகிய நமக்கும் இதில் பங்கு இருக்கிறது. 'எங்கள் கல்லூரி' என்று நெஞ்சு நிமிர்த்துகிறோம். தோற்றால் 'நல்ல ஆளாகப் பார்த்துக் கொண்டுவர வேண்டாமா?' என்று முன்னாள் மாணவர் கூட்டத்தில் குரல் எழுப்புகிறோம். அந்த 'நல்ல ஆளுக்கு' ஊர் எது, தேர்ச்சி எத்தனை தாளில் என்று ஒருமுறையாவது கேட்டிருக்கிறோமா? ஆண்டு முழுதும் அவன் உடலை நமக்காகச் செலவழிக்கிறான். நாம் அவன் பெயரைக்கூட முழுதாக அறிவதில்லை. பனியன் எண்ணைச் சொல்லிக் கத்துகிறோம்.

சேர்க்கைக்காக வருகிறவர்களிடம் பெற்றோர் சிலவற்றைக் கேட்கலாம். அடிபட்டாலும் மூன்று ஆண்டுக்கும் இடம் உண்டு என்று எழுத்தில் தருவீர்களா? தவறிய வகுப்புகளை யார், எப்போது நடத்துவார்? வேறு கல்லூரிக்குப் போக விரும்பினால் மூலச் சான்றிதழ்களை உடனே திருப்பித் தருவீர்களா? (மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவித்திருக்கிறது, மலைமேல் அந்த அறிவிப்பு எத்தனை வீடுகளுக்கு எட்டியிருக்கும்?) இவற்றோடு கடைசியாக இன்னொன்று: உங்கள் அலுவலகச் சுவரில் கோப்பையோடு நிற்கும் அந்தப் படத்திலுள்ள வீரர்களுள் எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள்?