பலிபீடத்தின் புறச்சுவரில் மனித முகங்கள்

குரோவேஷியாவின் தல்மாத்தியக் கரையில், கிர்கா ஆறு ஏட்ரியாட்டிக் கடலைச் சேரும் கழிமுகத்தை ஒட்டி அமைந்த ஷிபெனிக் நகரம், நான்காம் பீட்டர் கிரெஷிமிர் என்னும் குரோவேஷிய அரசர் 1066-ஆம் ஆண்டில் வெளியிட்ட சாசனமொன்றில் முதன்முதலாகக் குறிக்கப்படுகிறது. 1298-இல் தனி மறைமாவட்டமாக உயர்ந்து, 1412-இல் வெனிஸ் குடியரசின் ஆட்சிக்குள் வந்த அந்நகரம், தன் ஆயரின் ஆசனத்துக்குத் தகுந்த பேராலயமொன்றை எழுப்பும் பணியை 1431-இல் தொடங்கியது. தமிழகக் கரையோரக் கத்தோலிக்கர் சந்தியாகப்பர் என்று அழைக்கும் அப்போஸ்தலர் யாக்கோபுக்கு உரிய அக்கோயில், ஒரு நூற்றாண்டு கழித்து, 1535-இல்தான் கட்டி முடிந்தது, 1555-இல் திருநிலைப்படுத்தப்பட்டது.

கலை வரலாற்று நூல்கள் இதைக் கோதிக், மறுமலர்ச்சி என்னும் இரு பாணிகளின் சந்திப்பாகக் காண்கின்றன. கூர்முனை வளைவுகளாலும் விலாக்கள் தாங்கும் உயர்ந்த கூரைகளாலும் பார்வையை மேலே ஈர்ப்பது கோதிக். பழைய உரோமின் அரைவட்ட வளைவையும் அளவொழுங்கையும் மீட்டெடுத்து, மனித உடலைக் கலையின் அளவுகோலாக்கியது மறுமலர்ச்சி. இவ்விலக்கணத்திலிருந்து, கோதிக் கலை கடவுளை நாடியது, மறுமலர்ச்சிக் கலை மனிதனை நாடியது, ஆகவே ஒன்று தேய்ந்த அளவுக்கு மற்றது வளர்ந்தது என்ற முடிவுக்குப் பலர் எளிதாக வந்துவிடுகின்றனர். கடவுளும் மனிதனும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுபவர்கள் என்ற அனுமானம் இம்முடிவின் அடியில் இருக்கிறது. அந்த அனுமானம் சரிதானா என்பது சமயம் சார்ந்த கேள்வி. அதைச் சோதித்துப் பார்க்க ஷிபெனிக் பேராலயத்தின் கிழக்குப் பகுதியைவிடப் பொருத்தமான இடம் அரிது.

பலிபீடத்துக்குப் பின்னால் சுவர் வெளிப்புறமாகப் புடைத்து நிற்கும் பகுதி கருவிடம் எனலாம். மூன்று கருவிடங்களின் புறச்சுவரையும் சுற்றி, தெருவில் நிற்பவர் அண்ணாந்தால் முகபாவம் தெளிவாகப் புலப்படும் உயரத்தில், 71 மனிதத் தலைகள் கல்லில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஆண்கள், பெண்கள், குழந்தைகள் எனப் பலரும் அவ்வரிசையில் உள்ளனர். ஒருவர் மீசையுடன் இறுகிய முகமாக இருக்க, வேறொருவர் தலையணியுடன் ஏதோ கேட்க வாயெடுப்பவர்போல் இருக்கிறார். ஒரு முகம் மற்றொன்றின் நகலாக இல்லை. எவர் தலையைச் சுற்றியும் ஒளிவட்டம் இல்லை. எவருக்கும் பெயர் பொறிக்கப்படவில்லை. அதே கிழக்குப் பகுதியில், குழந்தை வடிவத் தூதர் இருவர் விரித்துப் பிடித்த சுருளில் தலைமைச் சிற்பி யூராய் தல்மாத்தினத்ஸ் தம் பெயரை மறவாமல் பொறித்துக்கொண்டார் என்பதைப் பார்க்கும்போது, பெயர் வெட்டும் வழக்கம் அறியாததால் மற்றவர்கள் பெயரிழந்தனர் என்று கொள்ள முடியாது.

கிறிஸ்தவ மரபில் படிமங்களுக்கு எளிதில் இடம் கிடைத்துவிடவில்லை. 8-ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசில் படிமங்களை அகற்றும் இயக்கம் வலுத்தபோது, தமஸ்கு நகர யோவான் அதற்கு மறுப்பெழுதினார். காணவியலாத கடவுள் உடலெடுத்துக் காணத்தக்கவராகிவிட்டபின் அவரை வரைவது தவறாகாது என்பதும், அவ்வுடலுக்கு இடமளித்த பருப்பொருளும் மதிப்புக்குரியதே என்பதும் அவர் வாதத்தின் சாரம். 787-இல் கூடிய இரண்டாம் நிசேயாப் பொதுச்சங்கம் அவர் பக்கமே தீர்ப்பளித்து, கடவுளுக்கு மட்டுமே உரிய ஆராதனையையும், திருப்படிமங்களுக்குச் செலுத்தத்தக்க வணக்கத்தையும் பிரித்துக் காட்டியது. ஆனால் ஷிபெனிக்கின் தலைகள் இவ்விரு வகையிலும் அடங்குவதில்லை. அவை கிறிஸ்துவையோ புனிதரையோ குறிப்பவை அல்ல. அவற்றின் முன் விளக்கேற்ற எவரும் வருவதில்லை. எச்சரிக்கைக்காகச் செதுக்கப்பட்டவையாகவும் அவை தோன்றவில்லை. வடக்கு வாயிலில் மிலான் நகரப் போனினோ செதுக்கிய ஆதாமும் ஏவாளும் உடல் மறைத்து நாணி நிற்கின்றனர். அங்கே மனிதன் பாவியாக நிற்பதற்கு இறையியல் காரணம் வெளிப்படையானது. கிழக்குச் சுவரின் மனிதர்களிடம் நாணமும் இல்லை, புனிதமும் இல்லை.

இவர்களுக்கு இடமளிக்கும் கருத்து விவிலியத்திலேயே உண்டு. பேதுருவின் முதல் திருமுகம் நம்பிக்கையாளர்களை உயிருள்ள கற்களாகவும், அவர்களைக் கொண்டு எழும்பும் சமூகத்தை ஆவிக்குரிய இல்லமாகவும் உருவகிக்கிறது. இப்படி நோக்கினால், அத்தலைகள் கோயிலுக்குச் சூட்டிய அணிகளாக அன்றி, கோயில் எதனால் ஆனது என்பதைச் சொல்பவையாகின்றன. சுவரின் உட்புறத்தில் அப்பம் அர்ச்சிக்கப்படுகிறது. அதே சுவரின் வெளிப்புறத்தில் அதை உண்ணும் ஊரார் இருக்கின்றனர். இதைச் சிற்பியின் உள்நோக்கமாக ஏற்ற வேண்டியதில்லை. கட்டடத்தின் அமைப்பே அவ்வாறு வாசிக்க இடந்தருகிறது.

கட்டுமான முறையும் இதற்குத் துணை நிற்கிறது. வெனிஸில் பணியாற்றிவந்த யூராய் 1441-இல் பொறுப்பேற்று 1473-இல் இறக்கும்வரை இங்கே உழைத்தார். பிராச் முதலிய தீவுகளின் சுண்ணாம்புக்கல்லைப் பெரும் பலகைகளாக அறுத்து, தச்சர் மரத்தில் காடியெடுத்துப் பலகை செருகுவதுபோல், தூண்களின் காடிகளில் பொருத்தும் முறையை அவர் கையாண்டார். செங்கல்லும் மரமும் கலவாமல் கல்லே சுவராகவும் கூரையாகவும் அமைந்த இக்கட்டடத்தை 2000-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றதற்கு இத்திறனும் ஒரு காரணம். யூராய்க்குப் பின் பொறுப்பேற்று 1505-இல் இறக்கும்வரை உழைத்த நிக்கோலா ஃபிரெந்தினத்ஸ், அம்முறையை மேலே கொண்டுசென்று, வளைந்த கற்பலகைகளால் கூரையையும், சுமார் 32 மீட்டர் உயரத்தில் குவிமாடத்தையும் திட்டமிட்டார். நடுக்கூடத்துக்கும் இருபுற இடைகழிகளுக்கும் மேலுள்ள வளைவுகள் முகப்பின் மூவிதழ் வடிவத்தில் அப்படியே வெளித்தெரிகின்றன. உள்ளே இருப்பதையே வெளியே காட்டும் இந்த நேர்மை பல இத்தாலிய முகப்புகளுக்கு வாய்க்கவில்லை.

வழக்கமான வாதம் இங்கேதான் தடுமாறுகிறது. மனித முகங்களைத் தந்தவர் கோதிக் மரபில் வேரூன்றிய யூராய். வானை நினைவூட்டும் குவிமாடத்தைத் தந்தவரோ மறுமலர்ச்சியின் தாய்மண்ணான டஸ்கனியிலிருந்து வந்த நிக்கோலா. மனிதனை நாடிய பாணி என்று சொல்லப்படுவது மேலேயும், கடவுளை நாடிய பாணி என்று சொல்லப்படுவது தெருவோரத்திலும் உழைத்திருக்கின்றன. யூராய் மறுமலர்ச்சியின் சாயலையும் உட்கொண்டவர் என்று இதற்கு மறுமொழி கூறலாம், அது உண்மையும்கூட. எனினும் அம்மறுமொழி போட்டிக் கொள்கையைக் காப்பாற்றுவதில்லை. ஒரே மனிதரின் உளிக்குள் இரண்டும் இணங்கியிருந்தன என்றே அது ஒப்புக்கொள்கிறது.

தெற்குக் கருவிடத்திலிருந்து படியிறங்கிச் செல்லும் ஞானஸ்நான அறை அந்த இணக்கத்தை இன்னும் நெருக்கமாகக் காட்டுகிறது. யூராய் வகுத்த அச்சிற்றறையின் கல் விதானத்தில் பிதாவாகிய கடவுளும், தூய ஆவியைக் குறிக்கும் புறாவும், வானதூதர்களும் செதுக்கப்பட்டுள்ளனர்; கீழே தண்ணீர்த் தொட்டியை மூன்று குழந்தை உருவங்கள் தாங்குகின்றன. விதானத்துக்கும் தொட்டிக்கும் இடையிலான சிறு வெளியில்தான் ஷிபெனிக்கின் குழந்தைகள் பெயர் பெற்றுச் சபையில் சேர்ந்தனர்.

அத்தலைகள் கோயில் கட்டக் காசு தர மறுத்த கஞ்சர்களுடையவை என்றும், சிற்பி அவர்களை நிரந்தரமாக அவமானப்படுத்தினார் என்றும் ஊரில் ஒரு கதை வழங்குகிறது. சிற்பங்கள் இதற்கு ஒத்துவரவில்லை. இடைக்காலச் சிற்பிகள் கஞ்சனைக் காட்ட விரும்பினால் அவன் கழுத்தில் பணப்பையைத் தொங்கவிட்டு, பேய்களின் கையில் ஒப்படைத்துவிடுவார்கள். அந்த உருவ மரபு நன்கு அறியப்பட்டது. ஷிபெனிக்கில் பையும் இல்லை, பேயும் இல்லை. கதை பொய் என்றாலும் அதன் தோற்றத்துக்குக் காரணம் இருக்க வேண்டும்: புனிதரல்லாத, கொடையாளர் என்றும் அறியப்படாத மனிதர்கள் பலிபீடத்தின் புறச்சுவரில் வீற்றிருப்பதற்கு ஒரு நியாயம் தேவைப்பட்ட ஊரார், தகுதி எதையும் காணமுடியாமல், அவர்கள்மேல் ஒரு குற்றத்தைச் சுமத்தி அந்த இடத்தை விளக்கிக்கொண்டனர் என்றே தோன்றுகிறது.