மடைத் திறவுகோல் யாரிடம்?

ஆழங்காண இயலாத மணற்படுகையில் அடித்தளம் இடும் முறையைக் கல்லணையைக் கண்டே கற்றதாக ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் எழுதி வைத்தார். அவர் கோதாவரியின் குறுக்கே எழுப்பி 1852-இல் நிறைவுற்ற தவளேஸ்வரம் அணைக்கும் அப்பாடம் பயன்பட்டது. நாட்டறிவும் மேலை அறிவியலும் கைகோத்ததற்குச் சான்றாக இதனை நாம் மேடைதோறும் பெருமையுடன் எடுத்துரைக்கிறோம். ஆயினும், கல்லணையை அமைத்தோர் என்றோ மறைந்தவர். அவர்களைக் கலந்து பேசும் தேவை காட்டனுக்கு எழவில்லை. அறிவுடையவர் நம் எதிரே உயிரோடு நிற்பாராயின் என் செய்வது?

தென்மாவட்டக் கண்மாய்ப் பாசனத்தில் நீர்க்கட்டி என்று ஒருவர் உண்டு. மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் பணி. எந்த வரப்பு கசியும், எஞ்சிய நீர் எத்தனை நாள் தாங்கும், வறட்சியில் எவ்வயலுக்கு எவ்வளவு விடலாம் என்பனவெல்லாம் அவருக்கு மனப்பாடம். களத்தில் அளக்கும் நெல்லே அவர் கூலி. பல ஊர்களில் அவர் தாழ்த்தப்பட்ட குலத்தவர், நிலமற்றவர். நிலமற்றவரே ஓரவஞ்சனையின்றிப் பங்கிடுவார் என ஊரார் நம்பினர்.

விவசாயிகளே பாசனத்தை மேலாண்மை செய்ய வேண்டும் எனத் தமிழ்நாட்டில் 2000-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. பொறியாளரும் உழவரும் கூடி முடிவெடுக்க வழி பிறந்தது நன்றே. ஆனால், நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் உறுப்பினராகும் உரிமை நிலவுடைமையாளருக்கே கிடைத்தது. எந்தத் தகுதியால் நீர்க்கட்டி நடுவரானாரோ, அதுவே அவரை வெளியே நிறுத்திற்று. குறிப்பு எழுதுபவர் ஒருவர், ஒப்பமிடுபவர் வேறொருவர் என்னும் கோப்பு வழக்கில் காலங்கழிக்கும் நமக்கு இது வியப்பன்று.

நியூசிலாந்தில் வைக்காட்டோ ஆற்றுக்கென 2010-இல் எழுந்த ஆணையத்தில் உறுப்பினர் பதின்மர். ஐவரை ஆற்றங்கரை மாவோரி இனக்குழுக்கள் அமர்த்துகின்றன. ஐவரை அரசு அமர்த்துகிறது. ஆற்றைப் பற்றிய செய்தி சொல்ல மட்டும் மாவோரியர் அழைக்கப்படவில்லை. ஆற்றின்மீது முடிவு சொல்லவே அமர்ந்தனர்.

குலத்தொழிலைச் சட்டத்தால் நிலைநிறுத்துவதா என்று அன்பர் சிலர் வினவுவர். நேரிய வினாவே; நாமும் அதற்கு உடன்படோம். பிறப்பை நோக்காது, மடை காத்த ஆண்டுகளை நோக்கி ஓரிருக்கை அளிக்கலாமன்றோ? கண்மாயில் உள்ள நீரைப் பொறியாளர் அளந்து சொல்லட்டும். அதனை முதலில் யாருக்கு விடுவது என்னும் பேச்சில் நீர்க்கட்டியின் சொல்லும் பதிவேட்டில் ஏறவேண்டும். அவர் மகன் நம்மைப்போல் ஊரைவிட்டு ரயிலேறும் முன்னரே அது நிகழ வேண்டும்.