வாதம் செய்யும் உள்ளமும் சைவநெறி காட்டும் வழியும்

மானிடப் பிறவிக்கு இறைவன் அருளிய கொடைகளுள் வாக்கு மிகப் பெரியது. வாக்கினாலேயே மந்திரம் ஓதப்படுகின்றது, திருமுறை பாடப்படுகின்றது. அதே வாக்கினாலேயே உறவுகள் முறிவதும் நிகழ்கின்றது. முன்னாளில் தேர்முட்டியடியிலும் சந்திக் கடையிலும் நடந்த வாக்குவாதம் இன்று கைத்தொலைபேசிக்குள் புகுந்துவிட்டது. இரவுப் பூசை கண்டு விபூதி பூசி வீடு சென்ற அடியவரும், முகநூலில் எவருக்கோ சுடச்சுடப் பதில் எழுதிய பின்னரே விளக்கை அணைக்கின்றார். மனிதர் ஏன் இவ்வாறு வாதம் செய்கின்றனர்? இவ்வினாவுக்குப் புராணமே விடை தருகின்றது.

பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்தில் தருமிக்குப் பொற்கிழி அளித்த வரலாறு அனைவரும் அறிந்ததே. தருமி கொண்டுவந்த பாடலில் நக்கீரர் குற்றம் கண்டார். கண்டதைச் சபையிலே அஞ்சாது சொன்னார். அதில் பிழையில்லை. பெண்களின் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்பதே அங்கு எழுந்த வினா. புலவராய் வந்த இறைவன், உத்தமப் பெண்களின் கூந்தலுக்கும் அவ்வாறோ, தேவமாதர் கூந்தலுக்கும் அவ்வாறோ என்று படிப்படியாகக் கேட்டார். இறுதியில், நக்கீரர் நாளும் வழிபடும் காளத்திநாதரின் பாகத்து ஞானப்பூங்கோதை அம்மையின் கூந்தலுக்கும் அவ்வாறோ என்றார். "அதுவும் அப்படியே" என்று நக்கீரர் சாதித்தார்.

இங்கேதான் வாதம் வழி மாறுகின்றது. தொடக்கத்தில் அவர் பொருளின் உண்மைக்காகப் பேசினார். முடிவில் சொன்ன சொல்லை விட்டுக்கொடாமைக்காகப் பேசினார். தாம் வணங்கும் அன்னையையும் அதற்காக இழுத்துவந்தார். நெற்றிக்கண்ணின் வெம்மை தாங்காது பொற்றாமரையில் வீழ்ந்தார்.

நியாய சூத்திரம் செய்த கௌதம முனிவர் விவாதத்தை மூன்றாக வகுத்தார். உண்மையை அறிவதற்காகச் செய்வது வாதம். வெல்வதற்காகச் செய்வது ஜல்பம். தனக்கென ஒரு கொள்கையும் நாட்டாது, பிறர் கொள்கையை உடைப்பதையே வேலையாகக் கொள்வது விதண்டை. ஊர்வழக்கில் விதண்டாவாதம் என்பது இதனையே. ஒரே மனிதர், ஒரே மாலைப்பொழுதில், வாதத்தில் தொடங்கி விதண்டையில் முடிப்பதைக் காணலாம்.

இம்மாற்றத்துக்குக் காரணம் யாது? செம்பிற் களிம்பு போல உயிரை அநாதியே பற்றி நிற்பது ஆணவமலம் என்று சைவசித்தாந்தம் கூறும். "நான் அறிந்தவன்" என்று காட்ட அது ஓயாது துடிக்கும். 2004ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட முகநூலில் 2009ஆம் ஆண்டில் விருப்பக்குறி சேர்க்கப்பட்டது. பெருவிரல் உயர்த்திய அச்சிறு குறி, எழுதியவரின் "நான்" என்பதற்கு இடும் நைவேத்தியம் போலாயிற்று. எதிரே இருப்பவரின் முகம் தெரியாமையால் கூச்சமும் இரக்கமும் குன்றுகின்றன. பார்த்திருப்போர் பலராதலால் பின்வாங்குவது அவமானமாகத் தோன்றுகின்றது. நேரிலே தம் குறையைக் கேட்க எவருமில்லாத ஏக்கமும் சிலரை அங்கே எழுத வைக்கின்றது. இவர்களை ஆணவக்காரர் என்று தள்ளிவிடுதல் ஆகாது. கேளாத செவிகளுக்கும் அதில் பங்குண்டு.

விளைவு சொல்லோடு நிற்பதில்லை. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகன முதலிய இடங்களில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, வெறுப்புச் சொற்கள் கைத்தொலைபேசிகள் வழியே பரவின. அரசாங்கம் சில நாட்களுக்குச் சமூக ஊடகங்களை முடக்க நேர்ந்தது. தன் தளம் அதற்குப் பயன்படுத்தப்பட்டமைக்கு முகநூல் நிறுவனம் 2020இல் வருத்தம் தெரிவித்தது. எரிந்த வீட்டுக்கு அவ்வருத்தம் கூரையாகுமா?

கோயில் விடயத்திலும் இது பொருந்தும். திருவிழாக் கணக்கில் ஐயம் எழுந்தால் கேட்பது அடியவரின் உரிமை; விடை சொல்வது நிர்வாகத்தின் கடமை. அதனைப் பொதுச்சபையிலே கணக்கேட்டை விரித்துவைத்துக் கேட்டால் அது வாதம். கேட்க வேண்டியவரிடம் கேளாது, வெளிநாட்டிலுள்ள உறவினரும் பார்க்கும்படி நள்ளிரவில் ஒருவரின் குடும்பத்தையும் சேர்த்து எழுதினால் அது விதண்டை. பிறகு கணக்கு நேராகிவிடலாம். ஆயினும் ஒரே வடத்தைப் பிடிக்க வேண்டிய இருவர், தேரன்று முகம் பாராது நிற்பர்.

நக்கீரர் கதை பொற்றாமரையில் முடியவில்லை. தம் பிழையை உணர்ந்து அவர் இறைவனைப் பாடினார். இறைவன் அவரைக் கரையேற்றினார். அதன்பின், அகத்தியரை வரவழைத்து அவருக்கு இலக்கணம் உபதேசிக்கச் செய்தார். வாதத்தில் வீழ்ந்தவருக்கு இறைவன் அளித்தது மேலும் கற்கும் வாய்ப்பு.

அடுத்த திருவிளையாடல் இன்னும் சிறப்பு. சங்கப் புலவர்கள் யார் பாடல் உயர்ந்தது என்று தமக்குள் கலகமிட்டனர். அதைத் தீர்க்க இறைவன் காட்டிய நடுவர், தனபதி என்னும் வணிகரின் மகனாகிய உருத்திரசன்மர். அவர் முருகப்பெருமானின் அம்சம், பேசாத ஊமைப்பிள்ளை. புலவர்கள் பாடப் பாட அவர் அமைதியாகக் கேட்டார். அவரது மெய்ப்பாட்டைக் கண்டே புலவர்கள் தத்தம் பாடலின் தரத்தை உணர்ந்தனர். அத்தனை நாவன்மையும் தீர்க்காத கலகத்தை, செவி கொடுத்துக் கேட்ட ஒருவர் தீர்த்தார்.

ஆகவே, எழுதத் துடிக்கும் வேளையில் அடியவர் தம் உள்ளத்தை வினவுதல் வேண்டும்: இது உண்மைக்காகவா, வெற்றிக்காகவா? இதனை அவர் வீட்டுத் திண்ணையில் இருந்து, அவர் முகம் பார்த்துச் சொல்ல முடியுமா? முடியுமாயின் அங்கே சென்று சொல்லட்டும். முடியாதாயின் ஓரிரவு பொறுத்து, காலையில் நீராடித் திருநீறு அணிந்தபின் மீண்டும் வாசித்துப் பார்க்கட்டும். அருணகிரிநாதருக்கு முருகப்பெருமான் உபதேசித்தது சும்மா இருக்கும் நிலையையே. அந்நிலை கைகூடாவிடினும், ஒரு சொல்லை அடக்கும் ஆற்றலையேனும் எல்லாம் வல்ல இறைவன் அடியவர் யாவருக்கும் அருள்வாராக.

சுபம்.