மார்ச்சுக்குக் காத்திராதீர்கள்

குருசுக்குப்பத்தாரே, என் உடன்பிறந்தவர்களே, நிதியாண்டு முடியச் சில வாரங்களே இருக்கின்றன. ஏதிலியருக்காக நம் சங்கம் வைத்திருக்கும் கணக்கு நோட்டு எங்கே? யார் வீட்டுப் பரணில் கிடக்கிறது? முன்பணம் வாங்கிப் போனவரின் பில் எங்கே? எந்தச் சட்டைப் பையில், எந்தத் துவைப்பில் கரைந்துகொண்டிருக்கிறது? சத்துமாவு வாங்கிக்கொண்ட தாய்மாரின் கையெழுத்துத் தாள் எங்கே? பேனர் கட்டினோம், போட்டோ எடுத்தோம், கைதட்டினோம். கையெழுத்து வாங்கினோமா? உங்களை மட்டும் கேட்கவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து டீ குடித்தவன்தான்.

ஏதிலியருக்கென்று ஒருவர் கொடுத்த பணம், நம் கையில் விழுந்த நொடியிலேயே ஏதிலியரின் பணம். நாம் அதைச் சுமந்துபோகிறவர்கள். சுமக்கிறவனுக்குக் கூலி உண்டு, சுமையில் பங்கு கிடையாது. வழியில் இறக்கிவைத்து இளைப்பாறுவதற்கும் ஓர் அளவு உண்டு. நாமோ இறக்கிவைத்தோம், அதன்மேல் தலைவைத்துப் படுத்தோம், தூங்கியும் போனோம்.

கடலோரத்தில் பிறந்த நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. நம் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே ஓடும். 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுக வாயிலில் தடுப்புச் சுவர்கள் எழுந்தன. மணல் தெற்கே தேங்கியது; வடக்கே கரை அரித்தது. படகு ஏற்றிய மணல் போய், வலை உலர்த்திய மணல் போய், பிள்ளைகள் சடுகுடு ஆடிய மணல் போய், இன்று குருசுக்குப்பத்துக்கும் வைத்திக்குப்பத்துக்கும் கருங்கல் குவியல்தான் கரை. யாரும் நம் மணலைத் திருடவில்லை. ஓர் இடத்தில் நின்றுவிட்டது, அவ்வளவுதான். நின்றதற்கே இவ்வளவு இழப்பு. நம் சங்கத்தின் வங்கிக் கணக்கில் நிற்கும் பணமும் அப்படித்தான். நாம் திருடவில்லை, நிறுத்திவைத்திருக்கிறோம். வடக்கே யாருடைய கரையோ போய்க்கொண்டிருக்கிறது.

வடக்கே என்று சும்மா சொல்லவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டைத் தாண்டினால் கீழ்ப்புத்துப்பட்டு. அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 1983 முதல் கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் மூன்று இலட்சத்துக்கும் மேல். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டு அரசு சட்டமன்றத்தில் சொன்ன கணக்கின்படி முகாம்களில் இருந்தவர்கள் 58,822 பேர். அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியதும், வீடுகளைப் புதிதாகக் கட்டித்தருவதாகச் சொன்னதும் அப்போதுதான். மாத உதவித்தொகையும் உயர்ந்தது. குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. அந்த ஆயிரத்தை முப்பதால் வகுத்துப் பாருங்கள். நாளொன்றுக்குச் சுமார் 33 ரூபாய். இனி நம் செலவுகளை இந்தப் படியால் அளப்போம். கூட்டத்துக்கு டீயும் போண்டாவும் 660 ரூபாய் என்றால், அது அங்கே ஒருவருடைய இருபது நாள். வரவேற்பு பேனர் 2,000 ரூபாய் என்றால், அது ஒருவருடைய இரண்டு மாதம். அளந்து பார்த்தபின் போண்டா தொண்டையில் இறங்கினால் சாப்பிடுங்கள்.

நம் புதுச்சேரி தஞ்சம் கொடுத்துப் பெயர் வாங்கிய ஊர். 1908-இல் பாரதி வந்தார். 1910-இல் அரவிந்தர் வந்தார், வ.வே.சு. ஐயர் வந்தார். 1911-இல் பிரெஞ்சு அரசு ஒரு சட்டம் போட்டது: வெளியார் இங்கே தங்க வேண்டுமானால் ஊரில் மதிப்புள்ள ஐவர் சான்று தர வேண்டும். பிரிட்டிஷ் போலீசின் ஒற்றர்கள் தெருவுக்குத் தெரு நின்ற காலம் அது. அரவிந்தருக்கு முதலில் தன் வீட்டில் இடம்கொடுத்த சங்கர செட்டியாரே அந்தக் கையெழுத்துகளையும் அலைந்து வாங்கிவந்தார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று அந்த ஐவர் சொல்லியிருந்தால்? தஞ்சம் வந்தவன் உயிர் ஊராரின் கையெழுத்தில் தொங்குகிறது. அன்று அது நற்சான்று. இன்று அது ரசீது, வவுச்சர், பயன்பாட்டுச் சான்றிதழ். பெயர்தான் வேறு.

நாமும் கை ஏந்தியிருக்கிறோம், மறந்துவிடாதீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு உலகமே இந்தக் கரைக்கு வந்தது. நாகப்பட்டினத்துச் சாலை ஓரங்களில் பழைய துணி மலையாகக் குவிந்து, யாரும் தொடாமல் மழையில் மட்கியது. கொடுத்தவனுக்குத் தேவை என்னவென்று தெரியவில்லை. கேட்டுச் சொல்ல வேண்டியவனும் கேட்கவில்லை. வந்த நிவாரணத்தை மீனவக் கிராமங்கள் பலவற்றில் ஊர்ப் பஞ்சாயத்தார் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று சரிசமமாகப் பிரித்தார்கள். திருவிழா வரி போல, நம் பழைய நேர்மை அது. அந்த நேர்மையைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் தலைக்கட்டில் விதவைக்குப் பெயர் இல்லை, கணவன் விட்டுப்போனவளுக்குப் பெயர் இல்லை, கரையில் கூலிக்கு மீன் சுமந்த தலித் குடும்பத்துக்குப் பெயர் இல்லை. நம் நோட்டு சுத்தமாகத்தான் இருந்தது. சுத்தமான நோட்டிலேயே சிலர் விடுபட்டுப் போனார்கள். முகாமில் பட்டியல் எடுக்கும் தோழர்களே, அந்தப் பழைய பிழையை அங்கே கொண்டுபோகாதீர்கள். முகாமுக்கு வெளியே வாடகை வீட்டில் இருப்பவர், பதிவு விட்டுப்போனவர், பிறப்புச் சான்று இல்லாத பிள்ளை, இவர்களைத் தேடிப்போய் எழுதுங்கள்.

அந்தச் சுனாமிக்கு அடுத்து, 2005 ஜனவரித் தொடக்கத்தில் ஒரு நிறுவனம் செய்ததையும் சொல்கிறேன், வெட்கம் வரட்டும். பாரிசில் தொடங்கப்பட்ட எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, சுனாமிக்குப் போதுமான பணம் வந்துவிட்டது, இனி இதற்கென்று அனுப்ப வேண்டாம் என்று வெளிப்படையாக அறிவித்தது. பணம் மழையாகக் கொட்டிய நேரத்தில் அப்படிச் சொன்னது. பக்கத்து நிறுவனங்கள் முகம் சுளித்தன. அது அத்தோடு நிற்கவில்லை. மிஞ்சியதை வேறு துயரங்களுக்குச் செலவிடலாமா என்று கொடுத்தவர்களிடமே அனுமதி கேட்டது. பெரும்பாலோர் சம்மதித்தார்கள். கேட்டால் கொடுப்பார்கள், உடன்பிறந்தவர்களே. கேளாமல் ஒரு தலைப்பின் பணத்தை இன்னொரு தலைப்புக்குத் தள்ளி, மருந்துக்கு வந்ததில் மேசை வாங்கி, மேசைக்கு வந்ததில் டீசல் போட்டு, கடைசியில் எல்லாவற்றுக்கும் ஒரு கடைக்காரரிடம் வெற்று பில் கேட்டு நிற்கிறோமே, அந்த நிலையை என்ன சொல்வது? மனமாற்றம் உங்களுக்கு வந்தால் கடிதம் எழுதுங்கள். தேவை மாறிவிட்டால் கடிதம் எழுதுங்கள். பணம் மிஞ்சினால் கடிதம் எழுதுங்கள். செலவழிப்பதற்கு முன் எழுதுங்கள்.

இந்த ஊருக்கே உரிய ஒரு பள்ளமும் இருக்கிறது. நம்மில் எத்தனை குடும்பங்களுக்குப் பிரான்சில் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்! பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மருமகன் விடுமுறைக்கு வந்து, முகாமைப் பார்த்து மனம் இளகி, ஐந்நூறு யூரோவைச் சங்கத் தலைவர் கையில் வைக்கிறார். சொந்தப் பிள்ளை கொடுத்தது, இதில் என்ன வெளிநாடு என்கிறீர்கள். சட்டம் பாஸ்போர்ட்டைப் பார்க்கிறது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு பாரிசில் உழைப்பவர் கொடுத்தால் அது உள்நாட்டுப் பணம். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் உள்ளவர் கொடுத்தால், அவர் நம் தெருவிலேயே பிறந்திருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. 2010-இன் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் அதைப் பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்பு மட்டுமே வாங்கலாம் என்கிறது. 2020 செப்டம்பரில் அது இன்னும் இறுகியது. பணம் டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்திறங்க வேண்டும். நிர்வாகச் செலவு நூற்றுக்கு 50 வரை போகலாம் என்றிருந்தது 20-ஆயிற்று. ஒருவர் வாங்கியதை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. பெரிய நிறுவனத்தின் நிழலில் வேலை செய்த சின்னக் குழுக்களுக்கு இது பேரிடி. அந்த வருத்தம் எனக்கும் உண்டு. வருத்தத்தை மனுவாக எழுதுவோம். அதுவரை அந்த ஐந்நூறு யூரோவை மேசை டிராயரில் வைக்காதீர்கள். இன்றே அந்தப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுத்து, முறையான வழியைக் காட்டிவிடுங்கள்.

நல்ல மனம் இருந்தால் போதாதா, தாளும் முத்திரையும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை. 1971-இல் கிழக்கு வங்கத்திலிருந்து சுமார் ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள் வந்தார்கள். அந்த நவம்பரிலிருந்து நம் கடிதங்களில் அகதிகள் நிவாரணத்துக்கென்று 5 பைசாத் தபால்தலை கூடுதலாக ஒட்டினோம், மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஏழை நாடு, ஐந்து ஐந்து பைசாவாகச் சேர்த்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 1-ஆம் தேதி ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் நியூயார்க்கில் வங்கத்துக்காகப் பெரிய கச்சேரி நடத்தினார்கள். டிக்கெட் பணம் இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் டாலருக்கு மேல், யூனிசெஃபுக்குப் போய்ச் சேர்ந்தது. இசைத்தட்டும் திரைப்படமும் அதைப்போலப் பல மடங்கு ஈட்டின. ஆனால் வரிவிலக்குக்கு வேண்டிய ஏற்பாட்டை முன்கூட்டியே யாரும் செய்து வைக்கவில்லை. அமெரிக்க வரித்துறை பிடித்துக்கொண்டது. அந்தப் பணத்தின் பெரும்பகுதி பத்தாண்டுகள் முடங்கிக் கிடந்தது. அன்பில் குறை சொல்ல முடியுமா? திறமையில்? கூட்டத்தில்? ஒரு விண்ணப்பம் நேரத்துக்குப் போகவில்லை. 1971-இல் பாலுக்கு அழுத குழந்தை, பணம் வந்து சேர்ந்தபோது பத்து வயதைத் தாண்டிவிட்டது. அதுவும் உயிரோடு இருந்திருந்தால்.

எண்ணிக்கையைக் கூட்டி எழுதலாம், அதிகம் கேட்டால்தான் கொஞ்சமாவது வரும் என்று காதோடு சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 2018-இல் உகாண்டாவில் பார்த்தோம். 14 இலட்சம் ஏதிலியர் என்று சொல்லப்பட்டது. பட்டியலில் கள்ளப் பெயர்கள் என்ற புகார் எழுந்தபின் விரல்ரேகையும் கண்பதிவும் எடுத்து எண்ணினார்கள். சுமார் 11 இலட்சம்தான். இல்லாத பெயர்களுக்குக் கேடு வரவில்லை. இருந்தவர்களைத்தான் உலகம் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. ஒரு பொய்ப் பெயரை எழுதுகிறவன் நூறு மெய்ப் பெயர்களின் சோற்றில் கைவைக்கிறான்.

கொடுக்கும் கையும் சுருங்குகிறது, அதனால்தான் இந்தப் பதற்றம். வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் ரோகிங்கிய ஏதிலியர் ஒருவருக்கு மாத உணவுக்கென்று 12 டாலர் இருந்தது. 2023 மார்ச்சில் 10 ஆனது, ஜூனில் 8 ஆனது. மீண்டும் பழைய அளவை எட்ட ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. 2025-இல் ஐ.நா. அகதிகள் ஆணையமே பணமின்றிச் சுமார் 3,500 பணியிடங்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரிய நதிகள் வற்றுகிற காலத்தில் நம் சின்ன வாய்க்காலில் தண்ணீர் அடைபட்டுக் கிடக்கலாமா? நமக்கு வந்த நன்கொடையின் முதல் தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் போகாததால் இரண்டாம் தவணை நிற்கிறது. இரண்டாம் தவணை நிற்பதால் முகாமின் மாலை வகுப்பு ஆசிரியைக்குச் சம்பளம் நிற்கிறது. அவள் நின்றால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பாடம் நிற்கிறது. பரீட்சை நிற்குமா?

மார்ச் கடைசி வாரத்தில் மொத்தமாக வாங்கிக் கணக்கை முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அந்த வாரத்தில் வாங்கும் போர்வை ஏப்ரல் வெயிலில்தான் போய்ச் சேரும். ஐப்பசி மழையில் ஒழுகிய கூரைக்குப் பங்குனியில் தார்ப்பாய் கொடுத்துப் போட்டோ எடுப்பது கொடுமை. செலவழியாமல் நிற்கும் பாக்கியை அப்படியே பாக்கி என்று எழுதுங்கள். தவறிய பில்லைத் தவறியது என்று எழுதுங்கள். நாம் தாமதித்தோம் என்று கொடுத்தவருக்கும் எழுதுங்கள், முகாமில் உள்ளவருக்கும் சொல்லுங்கள். நம் ஊரில் திருவிழா முடிந்தால் வரவு செலவை ஊர்க்கூட்டத்தில் உரக்கப் படிப்போம். பூக்காரனுக்குக் கொடுத்ததுவரை படிப்போம். பத்து ரூபாய் இடித்தால் எழுந்து நின்று கேட்போம். மாரியம்மன் கணக்குக்கு அந்தக் கண்டிப்பு. முகாம் கணக்கை ஒருநாளாவது முகாமுக்குப் போய், அவர்கள் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் கேட்கும்படி படித்தோமா? 1984-இல் ஈழத்தவரான சந்திரஹாசன் முதலானோர் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கியபோது ஏதிலியரே தொண்டர்களாக நின்று வேலை செய்தார்கள். பேரேடு எழுதத் தெரிந்த பெண்கள் முகாமிலேயே இருக்கிறார்கள். நோட்டை அவர்களிடம் கொடுக்க ஏன் தயங்குகிறோம்?

ஞாயிற்றுக்கிழமை வரை தள்ள வேண்டாம். இன்று இரவு வலை வேலை முடிந்ததும் வாருங்கள். பரணில் இருப்பதை இறக்கி எடுத்துவாருங்கள். மனைவியரையும் அழைத்துவாருங்கள்; சட்டைப் பையில் எந்த பில் இருந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும். ரொக்கப் புத்தகம் ஒரு பக்கம், வங்கிப் பாஸ்புக் ஒரு பக்கம், பெயர்ப்பட்டியல் நடுவில். பட்டியலை இந்த முறை கடைசிப் பெயரிலிருந்து படிக்கத் தொடங்குவோம். எப்போதும் முதல் பக்கத்திலிருந்தே தொடங்கி, பாதியில் கொட்டாவி விட்டு எழுந்துபோகிறோம். கடைசிப் பக்கத்துக்காரர்கள் நெடுநாளாகக் காத்திருக்கிறார்கள்.