முப்பது வயது மகனும் தந்தையின் பொறுப்பும்

பெற்ற மகனை எத்தனை வயது வரை தாங்குவது தந்தையின் பொறுப்பு? இக்கேள்வி இத்தாலி நாட்டில் உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. அங்கே பிள்ளைகள் பெற்றோர் வீட்டை விட்டுத் தனிக்குடித்தனம் போகும் சராசரி வயது ஏறக்குறைய 30, ஃபின்லாந்திலோ 21தான். பிள்ளை 18 வயதைக் கடந்தாலும், சொந்தக் காலில் நிற்கும் வரை பராமரிப்பது பெற்றோர் கடமை என்பது இத்தாலியச் சட்டம்.

2002ல் ஒரு வழக்கு. மகன் சட்டம் படித்தவன்; வயது முப்பதை ஒட்டியது. வந்த வேலைகளைத் தன் விருப்பத்துக்கு ஏற்றவையல்ல என்று ஒதுக்கினான். ஆயினும் தந்தை மாதந்தோறும் பணம் தந்தே ஆக வேண்டுமென்றது நீதிமன்றம். 2020ல் அதே நீதிமன்றம் வேறு விதமாகப் பேசியது. பகுதி நேர இசை ஆசிரியர் ஒருவர், முப்பதைக் கடந்தவர். விரும்பிய வேலைக்காகக் காத்திராமல், கிடைத்ததைக் கொண்டு வாழ முயல வேண்டும், பெற்றோர் இனிப் பணம் தர வேண்டியதில்லை என்று தீர்ப்பாயிற்று.

நம் ஃபிக்ஹு நூல்களைப் புரட்டியவர்களுக்கு இந்த இரண்டாவது தீர்ப்பு புதிதாகத் தோன்றாது. பருவமடைந்து, சம்பாதிக்கும் ஆற்றலும் பெற்ற மகனுக்கு நஃபகா கொடுப்பது பொதுவாகத் தந்தைக்குக் கட்டாயமில்லை. நோயாலோ ஊனத்தாலோ உழைக்க இயலாத ஏழை மகன் விஷயத்தில் அக்கடமை நீங்காது என்பதே ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளின் நிலை.

இத்துடன் விஷயம் முடிந்ததென்று நாம் எண்ணிவிடலாகாது. 2007ல் இத்தாலியின் நிதியமைச்சராயிருந்த பதோவா ஸ்கியோப்பா, வீட்டை விட்டு அகலாத இளைஞரை 'வளர்ந்த குழந்தைகள்' என்று கேலி செய்தார். (அவர்களுக்கு வாடகைச் சலுகை தரும் திட்டத்தைப் பற்றிப் பேசும்போதே இப்படிச் சொன்னார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) இளைஞர் கொதித்தெழுந்தனர். கொதிக்கக் காரணமும் இருந்தது. கிடைப்பது பெரும்பாலும் குறுகிய கால ஒப்பந்த வேலை; நிரந்தரச் சம்பளமில்லாதவனை நம்பி வீடு கொடுப்பவர் யார்? 2014ல், வேலைக்குத் தயாராயிருந்த 25 வயதுக்குட்பட்டோரில் 100க்கு 40 பேருக்கு மேல் வேலையின்றி இருந்தனர்.

இப்படிப்பட்டவன் ஊனமுற்றவனல்லன், சோம்பேறியுமல்லன். உழைக்கிறான் அல்லது உழைக்கத் துடிக்கிறான். ஆனால் அவ்வுழைப்பு தலைக்கு மேல் ஒரு கூரையைத் தேடித் தரவில்லை. இவனையும், வந்த வேலையைத் தள்ளிவிட்ட அந்தச் சட்டப் பட்டதாரியையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நீதியாகாது. வேலையை இவன் மறுத்தானா, வேலை இவனை மறுத்ததா? தந்தை முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். கடமையில்லை என்பதும் கொடுக்கலாகாது என்பதும் ஒன்றல்லவே!

மகனிடமும் நமக்கொரு கேள்வி உண்டு. கூரை தந்தையுடையது, சோறு தாய் ஆக்கியது. கையில் வரும் கொஞ்சச் சம்பளத்தில் அந்த அடுப்படிக்குப் போவது எவ்வளவு?