கடல் தாண்டும் உரிமை யாருக்கு?

"ஊர்ப் பள்ளிக்கே கூரை இல்லை, உழைப்பாளியின் பிள்ளையை இலண்டனுக்கு அனுப்பப் பொதுப்பணமா?" என்று கேட்கின்றனர் சிலர். அடுத்த கேள்வியும் ஆயத்தமாக இருக்கிறது: "போனவன் திரும்பி வருவானா?"

கேட்கத் தகாத கேள்விகள் அல்ல இவை. எனினும் யாரைப் பார்த்துக் கேட்கிறார்கள் என்பதையும் சேர்த்தே ஆராய வேண்டும் என்கிறோம் நாம். பொள்ளாச்சித் தென்னந்தோப்பை அடமானம் வைத்து மகனை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புகிறவரிடம் இவற்றை எவரும் கேட்பதில்லை. அங்கே அது முன்னேற்றம். அதே தோப்பில் தேங்காய் உரித்தவரின் மகள் புறப்பட்டால் அது வீண்செலவு! "அவர் தம் பணத்தையன்றோ செலவிடுகிறார்?" என்பர். அந்தப் பணம் யார் உழைப்பில் விளைந்தது என்று கேட்டால் மட்டும் வாய் மூடிக்கொள்வர்.

கடல் நமக்குப் புதிதன்று. வெள்ளலூர் மண்ணில் உரோம நாணயங்கள் கிடைத்தன. கொடுமணலில் மணி செய்த பட்டறைகளின் தடயங்கள் கிடைத்தன. கடல் கடந்த வணிகத்தில் பங்கு கொண்ட நாடு கொங்குநாடு. அந்தக் கடலுக்குத் தீட்டுக் கற்பித்தவை சாத்திரங்களே. சாதியிழக்கச் செய்யும் குற்றங்களின் வரிசையில் கடற்பயணத்தையும் வைத்தது போதாயன தரும சூத்திரம்.

அந்தத் தடை ஒரு மேதையையும் மடக்கப் பார்த்தது. 1887இல் ஈரோட்டில் பிறந்தவர் கணித மேதை இராமானுசன். கல்லூரித் தேர்வில் தோற்றவர். சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் எழுத்தர். கேம்பிரிட்ஜ் அழைத்தபோது, கடல் கடக்கலாகாது என்று வீட்டில் தடை. நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் இசைவு தந்தபின்பே அன்னை மனம் மாறினார் என்று வரலாறு எழுதியோர் கூறுவர். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை தந்தது. 1914 மார்ச்சில் கப்பலேறினார். 1918இல் இராயல் கழகத்தின் உறுப்பினரானார்.

அவர் அறிவைப் போற்றுகிறோம். அவரும் வறியவரே என்பதை மறக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம்: அதே ஆண்டில், அதே ஈரோட்டில், ஓர் அருந்ததியர் குடியிருப்பில் அதே அறிவோடு ஒரு குழந்தை பிறந்திருந்தால்? தேர்வில் தோற்க வேண்டுமானாலும் முதலில் பள்ளிக்குள் நுழைந்திருக்க வேண்டுமே! அந்தத் தாயின் கனவில் எந்தத் தெய்வம் வந்து இசைவு தந்திருக்கும்? மேதைகள் அரியர் என்கிறார்கள். அரியவை மேதைகளா, அவர்களைக் கண்டுகொள்ளும் வழிகளா?

பயணத்தால் என்ன பயன் என்பார்க்கும் ஈரோடே விடை சொல்லும். 1931 டிசம்பரில் பெரியார் மேனாடு புறப்பட்டார். சோவியத் நாட்டையும் செருமனியையும் இங்கிலாந்தையும் பிறவற்றையும் கண்டு 1932 நவம்பரில் திரும்பினார். அடுத்த மாதமே ஈரோட்டில் சமதர்ம வேலைத்திட்டம் பிறந்தது. நம் ஊர் வழக்கம் உலக நியதியன்று, மனிதர் செய்த ஏற்பாடு, ஆகவே மாற்றக்கூடியது என்று ஏட்டில் படிப்பது வேறு. சாதி இல்லாத தெருக்களில் நடந்து காண்பது வேறு. ஒடுக்கப்பட்டோர்க்கு அயல்நாட்டுக் கல்வி அணிகலன் அன்று, கண் திறக்கும் மருந்து என்று நாம் கூறுவது இதனால்தான்.

இன்று சாத்திரத் தடை தளர்ந்துவிட்டது. அதன் இடத்தில் தாள் தடை நிற்கிறது. மொழித் தேர்வுக்குக் கட்டணம், விண்ணப்பத்துக்குக் கட்டணம், விசாவுக்குக் கட்டணம், வங்கியில் இருப்புக் காட்டப் பெருந்தொகை! கல்விக் கடன் ஏழரை இலட்சத்தைத் தாண்டினால் பெரும்பாலான வங்கிகள் ஈடு கேட்கின்றன. நிலமற்றவன் எதை ஈடு வைப்பான்? திருப்பூரிலிருந்து ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை கடல் கடக்கிறது. சட்டைக்குக் கிடைத்த வழி, அதைத் தைத்தவளின் மகளுக்குக் கிடைக்கவில்லை.

வழி அறவே இல்லை என்று கூறமாட்டோம். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்க்கு ஆண்டுக்கு 36 இலட்சம் ரூபாய் வரை வழங்க முன்வந்திருப்பது பாராட்டத் தக்கது. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையோ 1954-55இலேயே தொடங்கியது. எழுபது ஆண்டு வயதாகியும் ஆண்டுக்கு 125 இடங்களே! 2025இல் தேர்ந்தெடுக்கப்பட்ட 106 பேரில் 40 பேருக்கே முதலில் கடிதம் சென்றது. மற்றவர்க்கு, நிதி இருந்தால் பார்க்கலாம் என்ற மறுமொழி. அதற்கு முன், 2022இல், இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இத்தொகை இல்லை என்று விதி செய்தனர். பொருள் என்ன? போ, ஆனால் உன்னை ஒடுக்கிய சாதியைப் பற்றி மட்டும் ஆராயாதே! 1916இல் கொலம்பியாவில் இந்தியச் சாதிகளைப் பற்றி ஆய்வுரை படித்த அம்பேத்கர், இந்த விதியின் முன் விண்ணப்பித்தால் தள்ளப்பட்டிருப்பார்.

"திரும்பி வருவானா?" என்ற கேள்விக்கும் அவர் வாழ்வே விடை. பரோடா மன்னர் 1913இல் மாதம் பதினொன்றரை பவுன் தந்து அனுப்பினார். திரும்பிப் பத்தாண்டு பணி செய்வதாக ஒப்பந்தம். அம்பேத்கர் வாக்கைக் காத்தார். 1917இல் பரோடாவுக்குப் பணியாற்ற வந்தார். பரோடாவோ அவர் தங்க ஓர் அறை தரவில்லை. பார்சி விடுதியிலிருந்து தடி ஏந்தியவர்கள் விரட்டினர். கொலம்பியாவில் கற்றவர் பூங்காவில் அமர்ந்து கண்ணீர் விட்டார். அதை அவர் எழுதிய நூலின் பெயரே 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்'. அமெரிக்கா நுழையவிட்டது, பிறந்த நாடு நுழைவுச் சீட்டுக் கேட்டது!

ஆகவே, திரும்பி வருவானா என்று கேட்குமுன், திரும்பி வருபவனுக்கு வாடகைக்கு வீடு தருவாயா, ஒரே குவளையில் தேநீர் தருவாயா என்று ஊரைக் கேட்கிறோம். மாணவனுக்குக் கடமை உண்டு, மறுக்கவில்லை. அக்கடமையை ஆற்ற இடந்தரும் கடமை சமுதாயத்துக்கு அதற்கு முன்பே உண்டு. கூரையா கப்பலா என்பது பொய்ப் போட்டி. இரண்டும் கடன்பட்ட சமுதாயம் தீர்க்க வேண்டிய பாக்கிகள்.

தோழர்களே! கூட்டம் போட்டுக் கைதட்டிக் கலைவதால் ஒருவரும் கப்பலேறார். ஒவ்வோர் ஊர்ப் படிப்பகத்திலும் உதவித்தொகை அறிவிப்பை ஒட்டுங்கள். படிவம் நிரப்பத் துணை நில்லுங்கள். கடவுச்சீட்டு அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். தேர்வுக் கட்டணத்துக்கு ஆளுக்குப் பத்து ரூபாய் சேருங்கள். இடங்களைப் பெருக்கு, தடை விதியை நீக்கு, நிதியை உறுதி செய் என்று ஆள்வோரைக் கேளுங்கள். இரந்து கேட்க வேண்டாம். வரவேண்டிய பாக்கியைக் கேட்பவனின் குரலில் கேளுங்கள்.