ஒரு காப்பிக்கு எவ்வளவு நேரம்?

விருந்தோம்பலை வள்ளுவர் இல்லறவியலில் வைத்தார். வந்தவர்க்கு இருக்கை தந்து உணவளிப்பது வீட்டிற்கு உரிய அறம் என்றே நாம் பயின்றிருக்கிறோம். அப்படியாயின், காசு கொடுத்து உண்பவன் விருந்தினன் ஆவானா? அவனுக்குத் தரப்படும் இருக்கை விற்பனைப் பொருளா, விருந்தா? பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு வந்து வாடகை வீடுகளில் குடியேறிய நம்மைப் போன்றவர்க்கு இது வெறும் ஏட்டு வினா அன்று. ஏனெனில் நமக்குத் திண்ணை இல்லை.

திருவனந்தபுரத்திற்கு வந்த தொடக்க ஆண்டுகளில் அந்த இழப்பை நான் நன்கு உணர்ந்தேன். இரண்டே அறைகள் கொண்ட குடித்தனத்தில் நண்பர் ஒருவர் வந்துவிட்டால், வீட்டிலுள்ளோர் அடுக்களைக்குள் ஒடுங்க வேண்டியிருந்தது. "வாருங்கள், ஒரு காப்பி சாப்பிட்டு வரலாம்" என்று வெளியே அழைத்துச் செல்வேன். காப்பி ஒரு சாக்கு. உட்கார ஓர் இடமே உண்மையான தேவை. சாலைக் கடைத்தெருவில் வாணிபம் செய்துகொண்டே கதைகள் எழுதிய ஆ. மாதவனுக்கு அவருடைய கடையே திண்ணை ஆயிற்று. எழுத்தாள நண்பர்கள் அங்கே கூடிப் பேசினர். சொந்தக் கடை இல்லாதவர்க்குக் காப்பிக் கடைதான் கதி.

ஆயினும் திண்ணையை அளவுக்கு மீறிப் புகழ எனக்கு மனமில்லை. யார் அதில் அமரலாம், யார் தெருவிலேயே நின்று பேசிவிட்டுப் போக வேண்டும் என்பதைச் சாதி முன்கூட்டியே முடிவு செய்திருந்தது. காப்பிக் கடையும் தொடக்கத்தில் அந்தக் குற்றத்தை அப்படியே சுவீகரித்துக்கொண்டது. தமிழ்நாட்டு ஓட்டல்களில் தனித்தனி இருக்கைகள் இருந்த காலத்தை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டலின் பெயர்ப் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் ஈ.வெ.ரா. மறியல் தொடங்கியது 1957-இல். அது மாதக் கணக்கில் நீடித்தது.

அதே 1957-இல் வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. 1936-இல் பம்பாயில் தொடங்கி நாடெங்கும் பரவியிருந்த காப்பி நிலையங்களைக் காப்பி வாரியம் மூடத் தொடங்கியபோது, வேலையிழந்த ஊழியர்கள், ஏ.கே. கோபாலன் வழிகாட்ட, கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துத் தாங்களே கடை நடத்த முன்வந்தனர். 1957 ஆகஸ்டில் பெங்களூரில் முதல் சங்கம். 1958 மார்ச்சில் திருச்சூரில் கேரளத்தின் முதல் இந்தியன் காப்பி ஹவுஸ். இவ்வரலாற்றை அத்தொழிலாளர்களுள் ஒருவரான நடைக்கல் பரமேசுவரன் பிள்ளை மலையாளத்தில் நூலாகவே எழுதியிருக்கிறார். வெள்ளைச் சீருடையும் விசிறி மடிப்புத் தலைப்பாகையும் பழைய எசமானர் காலத்துச் சேவகரை நினைவூட்டும். அணிந்திருப்பவரோ உடைமையில் பங்குள்ளவர்! இந்த முரணை நான் மிகவும் இரசிப்பதுண்டு. அங்கே தரப்படும் பீட்ரூட் கட்லெட்டைவிடக் கூடுதலாகவே.

நம் நகரில், தம்பானூர்ப் பேருந்து நிலையத்தின் அருகே, அந்தக் காப்பி ஹவுசுக்கு லாரி பேக்கர் அமைத்துத் தந்த வட்டக் கட்டடத்தை அறியாதார் இலர். இங்கிலாந்தில் பிறந்து, இவ்வூரையே தம் ஊராக்கிக்கொண்டு 2007-இல் இங்கேயே மறைந்தவர் பேக்கர். அக்கட்டடத்தில் மாடிகள் இல்லை. நத்தைக் கூடு போல ஒரே சரிவு சுழன்று சுழன்று மேலேறுகிறது. வெளிச்சுவரின் செங்கல் சாளரங்கள் வழியே காற்றும் ஒளியும் துளித்துளியாக உள்ளே வருகின்றன. மேசையும் இருக்கையும் சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்டவை. தலைமை இருக்கை என்று ஒன்றில்லை. வழக்கறிஞரும் சுமை தூக்குவோரும் முன்பின்னாக ஒரே சரிவில் அமர்கிறார்கள்.

ஒரு மழைக்கால மாலையில் நானும் நண்பர் ஒருவரும் அங்கே ஒரு மணி நேரத்திற்கு மேலாக அமர்ந்து, சமுதாயத்தில் சமத்துவம் என்பது பற்றித்தான், உரக்க விவாதித்துக்கொண்டிருந்தோம். மேசையில் ஆளுக்கு ஒரு காப்பி. அப்போது ஒரு மூதாட்டி, கையில் எக்ஸ்ரே உறையுடன், பேத்தியின் தோளைப் பற்றிக்கொண்டு, இடம் தேடிச் சரிவில் ஏறி வந்தார். மருத்துவமனைக்கு வந்து நாகர்கோவில் பக்கம் திரும்புகிறவர் என்பது பேச்சில் தெரிந்தது. எங்களைக் கடந்து மேலே போனார். இடம் இல்லாமல் இறங்கி வந்தார். நாங்கள் பேச்சை நிறுத்தவில்லை. பரிமாறுபவர் எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் பார்த்தார்.

இருக்கைக்கு நான் விலை கொடுத்தேனா? கொடுத்தது காப்பிக்கு. பதினேழாம் நூற்றாண்டு லண்டன் காப்பிக் கடைகளில் ஒரு பென்னி கொடுத்தவர் விரும்பிய நேரம் அமர்ந்து பேசலாம் என்பர். நேரத்திற்கும் விலை வைத்திருந்தால் அக்கடைகள் செல்வர் கூடமாகியிருக்கும். தம்பானூரிலும் அப்படியே. எழுந்திரு என்று எவரும் சொல்லாததால்தான் எளியவனும் அங்கே மதிப்போடு அமர முடிகிறது. சொல்லவேண்டியவர் வாய் திறவாதபோது, எழவேண்டிய கடமை கடையின் சட்டத்திலிருந்து நீங்கி அமர்ந்திருப்பவனின் மனத்தில் வந்து அமர்கிறது. அதைத் திண்ணைக்காரனும் அறிந்திருக்க மாட்டான். அவன் திண்ணை அவனுடையது. இன்னொன்றும் உண்டு: நாம் சாய்ந்து பேசும் நேரமெல்லாம் அந்தச் சரிவில் தட்டேந்தி ஏறி இறங்கும் கால்கள் வேறொருவருடையவை. உடைமையில் பங்கு இருப்பதால் முழங்கால் வலிக்காது என்று யார் சொன்னது?

நான் எழுந்தேன், காலந்தாழ்ந்துதான். மூதாட்டி என் கோப்பையைப் பார்த்துவிட்டு, "நீ இரி மக்களே, காப்பி பாதி கெடக்குல்லா" என்றார். அது ஆறி ஆடை படிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நண்பர் முகத்தை நான் பார்க்கவில்லை. பரிமாறுபவர் கோப்பைகளை எடுத்து மேசையைத் துடைத்தார். பேத்தி முதலில் பாட்டியை உட்கார வைத்து, எக்ஸ்ரே உறையை நனையாத இடமாகப் பார்த்துச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.